பூச்சிக்குக் கட்டம் இல்லை

ஓடையின் உடல்நிலையைப் பார்ப்பது என்றால் பாட்டிலில் தண்ணீர் பிடிப்பது மட்டும்தான் என்று நினைத்து, என் அறிக்கையிலிருந்து பூச்சித் தாளை உருவியெடுத்தவரே, உங்களைத்தான் சொல்கிறேன். நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அறிக்கை என் கையை விட்டுப் போய் நாலு மேசை தாண்டித் திரும்பியது. அதில் ஒரு மேசை உங்களுடையது.

நான் பழைய லாரி டயருக்குப் பேரம் பேசி வயிறு வளர்த்தவன். இப்போது ஒரு பரிசோதனைக் கூடத்துக்காக ஓடை ஓடையாக இறங்குகிறேன். இந்தத் தொழிலைத் திட்டு வாங்கி வாங்கித்தான் கற்றேன். வாசகர்களே, நீங்கள் சேற்றில் நின்று எழுதியதை ஃபேனுக்கடியில் உட்கார்ந்தவர் அடித்துவிட்டதுண்டா? அப்படியானால் நாம் சொந்தக்காரர்கள்.

இடம் பார்க்கப் போன நாள்

நாமகிரிப்பேட்டைப் பக்கம் ஒரு சின்ன ஓடை. கரையில் ஒரு கிழங்கு மில். குச்சிக்கிழங்கை அரைத்து ஜவ்வரிசி செய்கிறார்கள். மில்லுக்கு மேலே ஓரிடம், கீழே ஓரிடம் நான் பார்க்க வேண்டும். வலையைத் தண்ணீரில் பிடித்துக்கொண்டு, அதற்கு முன்னால் கல்லைக் காலால் கிளறுவேன். வலையில் சேரும் பூச்சிக்குஞ்சுகளை வெள்ளைத் தட்டில் கொட்டி எண்ணுவேன். மூணு வால் குஞ்சு இருந்தால் தண்ணீர் சுத்தம். சிவப்புப் புழு மட்டும் நெளிந்தால் ஓடைக்கு மூச்சு முட்டுகிறது என்று அர்த்தம். மேலே மூணு வால் குஞ்சுகள் தட்டு நிறைய ஓடின. கீழே புளிச்ச வாடை, நுரை, சிவப்புப் புழு.

கீழ்ப்பக்கம்தான் பாவாயியக்கா வெள்ளாமை செய்யும் காடு. இரண்டு எருமை வைத்திருக்கிறார். பக்கத்திலேயே ஓடை இருந்தும், மில் தண்ணீருக்குப் பயந்து பஞ்சாயத்துக் குழாயிலிருந்து குடம் குடமாகச் சுமந்து அவற்றுக்குத் தண்ணீர் காட்டுகிறார். நான் குனிந்து கல்லைப் புரட்டுவதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்டார்: “ஏனுங்க, ஊட்டம்மா தாலிக்கொடி ஏதும் உழுந்துபோச்சுங்களா?”

சொல்லிவிட்டுப் போன தப்பு

மாதிரி எடுக்க மில் கேட்டைத் தாண்டிப் போக வேண்டும். அதனால் முதல் நாளே போன் போட்டு, “நாளைக்கு வாரேனுங்க” என்றேன். டயர் கடைப் பழக்கம். சொல்லிவிட்டுப் போனால்தான் ஆள் இருப்பார். இங்கே ஆள் இருந்தார், கழிவுதான் இல்லை. கழிவுக் குழாயை அடைத்துவிட்டு போர்வெல் தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தார்கள். பாட்டிலில் பிடித்தது கண்ணாடி மாதிரி இருந்தது.

ஆனால் பூச்சி ஒரே நாளில் குடிவந்துவிடாது. மில்லுக்குக் கீழே அரை நாள் கல்லைப் புரட்டினேன். மூணு வால் ஒன்றுகூட இல்லை. பாவாயியக்கா சிரித்தார்: “நீங்க வாரீங்கன்னு ஓடைக்கு மொத நாளே தெரிஞ்சுபோச்சுங்க சாமி.”

பூச்சிப் பேரம்

மில் மேனேஜர் காப்பி கொடுத்துவிட்டுத் தட்டை எட்டிப் பார்த்தார்.

“மூணு வாலு எத்தனைங்க?”

“ஒன்னுகூட இல்லீங்க.”

“ஒரு பத்துப் போட்டுக்கங்க.”

“இருந்தாத்தானுங்க போட?”

“சரி, அஞ்சு.”

எத்தனையோ டயருக்குப் பேரம் பேசிய வாய். தானாகவே ‘மூணு’ என்று சொல்ல வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். கோபம் அவர்மேலா என்மேலா என்று தெரியவில்லை. டம்ளரைத் தள்ளிவிட்டு எழுந்தேன். அவர் அசரவே இல்லை: “கோவிச்சுக்காதீங்க, மேல புடிச்சதுல நாலக் கொண்டாந்து கீழ உட்டுப்போட்டு எண்ணுங்க, பொய்யுமில்லை பாருங்க!”

நாலு மேசை

பரிசோதனைக் கூடத்தில் இரண்டு தாள் கொடுத்தேன்: பாட்டில் தாள், பூச்சித் தாள். குழாயை அடைத்த சேதியையும் பூச்சித் தாளில்தான் எழுதினேன். திரும்பி வந்ததில் பாட்டில் தாள் மட்டும் இருந்தது. முடிவு, ‘ஓடை நலம்’. அடியில், பாட்டில் தாளுக்கு நான் போட்டிருந்த கையெழுத்து.

நாலு மேசையிலும் நின்று கத்தினேன். மூன்று பேர் அடுத்த மேசையைக் கைகாட்டினார்கள். யார் உருவியது என்று கேட்டதற்கு நாலாமவர் படிவத்தை என் பக்கம் திருப்பி வைத்தார்: “நீங்களே பாருங்க, இதுல பூச்சிக்குக் கட்டமே இல்லீங்களே.”

போன வாரம்

அறிக்கையின் நகலைப் பஞ்சாயத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். யாரோ பாவாயியக்காவுக்குப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். அவருக்கு இப்போது முழங்கால் வீங்கிக் கிடக்கிறது. குடம் தூக்க முடியவில்லை. நான் போனபோது எருமைக் கயிற்றை அவிழ்த்துக் கையில் பிடித்திருந்தார். அந்தப் பக்கம் மில் குழாய் மறுபடியும் நுரை கக்கிக்கொண்டிருந்தது. அவர் நுரையையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்: “தண்ணி நல்லாருக்குதுன்னு நீங்கதான் கையெழுத்துப் போட்டிருக்கீங்களாமா, எருமைய உட்டுரட்டுங்களா சாமி?”

கயிற்றை வாங்கி எருமையைத் திரும்பக் கட்டிவிட்டு அக்காவின் குடத்தை நானே தூக்கிக்கொண்டு குழாயடிக்கு நடந்தேன், உருவியவரே; கட்டம் இல்லையென்றால் ஸ்கேல் வைத்து ஒன்று போட்டுக்கொள்ளுங்கள், அந்தத் தாளை எடுத்த இடத்திலேயே வையுங்கள், என் வாழ்க்கையில் பேரம் பேசாமல் நான் கேட்பது இது ஒன்றுதான்.