டெஸ்டர் ஏகாம்பரத்தின் இடுப்புச் சாவி

ஏகாம்பரம் இறந்துவிட்டார் என்ற செய்தி, கடை ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தபோது கைப்பேசியில் வந்தது. வியாபாரிகள் வாட்ஸ்அப் குழுவில் அவருடைய பழைய படம் ஒன்றுக்கு மாலை போட்டு, அதற்குக் கீழே கைகூப்பிய பொம்மைகளை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். நான் நம்பவில்லை. படத்துக்கு மாலையை எவன் வேண்டுமானாலும் போடலாம் என்று எனக்குள் ஒரு குரல் சொன்னது. அது ஏகாம்பரத்தின் குரல்தான். உடனே அவருடைய எண்ணுக்கே போன் போட்டேன். எடுத்தவர் அவர் மனைவி கஸ்தூரி.

"நீங்க நம்ப மாட்டீங்கன்னு தெரியும் பாய்," என்றார். "அவரு கூட சேந்துக்கினு நீங்களும் அப்படித்தான் ஆயிட்டீங்க. வந்து பாத்துட்டுப் போங்க."

அவரை அறிந்த உங்களில் பலருக்கு அவர் பால் சொசைட்டி டெஸ்டர். அடுத்தவர் கொண்டுவரும் பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பதே வேலையாக ஒரு மனிதன் வாழ்நாளைக் கழித்தால் என்ன ஆவானோ, அப்படியே ஆனவர். லாக்டோமீட்டரைப் பாலில் விட்டு, அது எதுவரை இறங்குகிறது என்று கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். அதே கண்ணோடுதான் டீக்கடையிலும், பெட்ரோல் பங்கிலும், கல்யாணப் பந்தியிலும் உட்கார்ந்திருப்பார். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டால், "இன்னாத்துக்குக் கேக்குற?" என்பார். ஓய்வு பெற்ற அன்று சொசைட்டியின் லாக்டோமீட்டரை ஒப்படைத்துவிட்டு, மறுவாரமே காஞ்சிபுரம் போய்ச் சொந்தமாக ஒன்று வாங்கிவந்தார்.

நான் உத்திரமேரூர் கடைத்தெருவில் வண்டி ஆயிலும் உதிரி பாகமும் விற்பவன். அத்தா காலத்துக் கடை. ஏகாம்பரம் என்னிடம் வாங்காத பொருள் இல்லை. சந்தேகப்படாமல் வாங்கிய பொருளும் இல்லை.

சொசைட்டி வேலையில் இருந்தபோதே பைக்கிலிருந்து விழுந்து இடது காலில் கம்பி வைத்தவர் அவர். கிளட்ச் மிதிக்க அந்தக் கால் ஒத்துழைக்காது. அதனால் கிளட்ச்சே இல்லாத, தானாகக் கியர் மாறுகிற பழைய பிக்கப் வண்டி ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கினார். மாட்டுத் தீவனமும் வைக்கோலும் ஏற்றிக்கொண்டு மானாம்பதிப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் போவார். அந்த வண்டி நின்றுபோனால் அவரும் வீட்டோடு நின்றுபோக வேண்டியதுதான். வேறு எந்த வண்டியையும் அவரால் ஓட்ட முடியாது.

ஒரு கட்டத்தில் கியர் மாறும்போது வண்டி உதற ஆரம்பித்தது. கியர்பாக்ஸ் ஆயிலை மாற்ற வேண்டுமா என்று ஒரு சர்வீஸ் சென்டரில் கேட்டிருக்கிறார். அந்த ஆயில் வண்டியின் ஆயுசுக்கும் வரும், மாற்றவே தேவையில்லை என்றார்களாம். கடைக்கு வந்து என்னிடம் பொரிந்து தள்ளினார்.

"யாரு ஆயுசுக்குன்னு கேட்டேன் பாய். வண்டி ஆயுசா, என் ஆயுசா, இல்ல அத்தச் சொன்ன ஆளு அங்க வேலைல கீற வரைக்குமா? முழிக்கிறான்."

அந்த ஒரு சந்தேகம் நியாயமானதுதான். எண்ணெய் எதுவாக இருந்தாலும் சூடுபட்டுப் பழையதாகும். ஆனால் வேலையை மெக்கானிக்கிடம் கொடுக்கவும் மனம் வரவில்லை. பழைய ஆயிலையே வடிகட்டித் திரும்ப ஊற்றிவிடுவார்கள் என்பது அவர் கட்சி. வீட்டு வாசலில் வைத்துத் தானே மாற்றுவதாக முடிவு செய்தார்.

என்னிடம் புது ஆயில் வாங்கினார். ஒரு டின்னைத் திறந்து விரலில் தொட்டுப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், வெள்ளைத் துணியில் சொட்டு விட்டுப் பார்த்தார். "செக்கச்செவேல்னு கீதே, சாயம் போட்டதா?" என்றார். மற்ற ஆயிலோடு மாறிப்போகக் கூடாது என்று கம்பெனியிலேயே சாயம் சேர்க்கிறார்கள் என்றேன். "ஒத்துக்கினியா," என்றார். பிறகு பையிலிருந்து பால் சாம்பிள் எடுக்கும் சின்னக் கண்ணாடிப் பாட்டில் ஒன்றை எடுத்து, அதில் கொஞ்சம் ஆயிலை ஊற்றி, மூடி மேல் அரக்கு வைத்து, என்னிடம் கையெழுத்து வாங்கினார். சொசைட்டியில் தகராறு வந்தால் பார்ப்பதற்காக அப்படித்தான் சாம்பிளைப் பத்திரப்படுத்துவார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது. சிரிப்பு சீக்கிரமே போய்விட்டது.

இரண்டு நாள் கழித்து, வைக்கோல் பாரத்தோடு ஏரிக்கரை மேட்டில் ஏறும்போது வண்டி ஏறவில்லை. இன்ஜின் கத்துகிறது, சக்கரம் நகர மாட்டேன் என்கிறது. வழியெல்லாம் பின்னால் ஹாரன் சத்தம். எப்படியோ வண்டியை இறக்கி வீட்டில் விட்டுவிட்டு, ஷேர் ஆட்டோ பிடித்து நேராக என் கடைக்கு எதிரில் இருக்கும் டீக்கடைக்கு வந்தார். கையில் லாக்டோமீட்டரும் மீதி ஆயில் டின்னும். பத்துப் பேர் பார்க்க, ஒரு டம்ளர் ஆயிலில் லாக்டோமீட்டரை விட்டார். அது விட்ட வேகத்தில் அடியில் போய் உட்கார்ந்தது.

"பாத்துக்கங்க," என்றார் எல்லாரையும் பார்த்து. "தண்ணி கலந்தாதான் இப்படி உள்ள போவும். பாய் கடை ஆயில் டூப்ளிகேட்டு."

எண்ணெய் தண்ணீரைவிட லேசானது, எந்த எண்ணெயில் விட்டாலும் பால் பார்க்கும் கருவி மூழ்கத்தான் செய்யும் என்று நான் கத்தினேன். வீட்டில் போய்க் கடலை எண்ணெயில் விட்டுப் பாருங்கள் என்றேன். போய்ப் பார்த்தாராம். அதிலும் மூழ்கியது. அன்றிலிருந்து செக்குக்காரரும் டூப்ளிகேட் ஆகிவிட்டார்.

இப்போது சொல்லும்போது வேடிக்கையாக இருக்கிறது. அப்போது எனக்குத் தூக்கம் போனது. ஏகாம்பரம் சொல்லிவிட்டால் அதற்கு ஒரு மதிப்பு உண்டு. யார் பாலையும் தயவு பார்க்காமல் திருப்பி அனுப்பியவர் அல்லவா. வழக்கமாக வரும் டிராக்டர்காரர்கள் டின்னை முகர்ந்து பார்த்து வாங்க ஆரம்பித்தார்கள். ஒருவர் வாங்கிப்போன டின்னைத் திறக்காமலே கொண்டுவந்து திருப்பித் தந்தார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அத்தா பெயரில் இருக்கும் கடை, என் காலத்தில் கள்ளக் கடையாகப் போகிறது என்று நினைத்து நினைத்து வெந்தேன். ஏகாம்பரத்தை நான் அந்த நாட்களில் வெறுத்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. எனக்கும் அவர் நோய் தொற்றிக்கொண்டது. யாரோ எனக்கு வேண்டாதவன் அவரைத் தூண்டிவிட்டிருப்பானோ என்று எதிர்க் கடை, பக்கத்துக் கடை எல்லாவற்றையும் முறைத்துப் பார்த்தேன்.

கடைசியில் காஞ்சிபுரத்தில் இந்த மாதிரி கியர்பாக்ஸ் வேலை செய்கிற ஒருவருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒரே கேள்விதான் கேட்டார். "அளவு பாக்கும்போது இன்ஜின் ஓடிக்கினு இருந்துச்சா?"

அதைத் தெரிந்துகொள்ளத்தான் அவர் வீட்டுக்குப் போனேன். பிக்கப் வாசலில் நின்றது. ஏகாம்பரம் அதன் நிழலில் உட்கார்ந்து, பழைய ஆயில் பாட்டிலையும் புது ஆயில் பாட்டிலையும் வெயிலில் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் இரண்டையும் துண்டுக்கு அடியில் மறைத்தார்.

"அண்ணே, ஆயிலை ஊத்தினப்புறம் அடியில இருக்கிற அளவுத் திருகைத் தொறந்தீங்களா?"

"தொறந்தேன். நெறைய ஊத்திச்சு. மிச்சம் போவுதுன்னு உட்டுட்டு, சொட்டா வந்ததும் மூடிட்டேன். வண்டி புக்குல அப்படித்தான போட்டுக்கீது?"

"அப்ப இன்ஜின் ஓடிச்சா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நான் அடியில கீறப்ப இன்ஜின எவன் ஓட்டுவான்? சாவி இங்க கீது," என்று சட்டையைத் தூக்கிக் காட்டினார். வண்டிச் சாவி அரைஞாண் கயிற்றில் முடிந்திருந்தது. "சாவி என் இடுப்புல கீற வரைக்கும் வண்டி என் மேல ஏறாது."

விஷயம் அவ்வளவுதான். இன்ஜின் ஓடும்போதுதான் ஆயில் மேலே ஏறிக் கியர்பாக்ஸ் முழுக்கப் போய் நிற்கும். அப்போது அளவுத் திருகைத் திறந்தால் உண்மையிலேயே மிஞ்சியது மட்டும் வழியும். நிறுத்திவிட்டுத் திறந்தால் எல்லா ஆயிலும் கீழே இறங்கியிருக்கும். வேண்டிய ஆயிலும் சேர்ந்து கொட்டிப்போகும். ஏகாம்பரம் யாரையும் நம்பாமல் சாவியை இடுப்பில் வைத்துக்கொண்டு, வண்டிக்கு வேண்டிய ஆயிலைத் தன் கையாலேயே கொட்டியிருக்கிறார்.

விளக்கினேன். அவர் துண்டுக்கு அடியிலிருந்த பாட்டில்களை எடுத்து வெளியே வைத்தார். பிறகு, "அப்ப நான் அடியில படுத்துக்கினு கீறப்ப ஒருத்தன் மேல ஒக்காந்து பிரேக்க மிதிச்சிக்கினு, கியரு ஒவ்வொண்ணா மாத்தி, ஓட உடணும். அதான சொல்ற?" என்றார்.

கியரெல்லாம் மாற்றி முடித்து, நிறுத்தும் கியரில் போட்ட பிறகு நீங்கள் அடியில் போனால் போதும் என்றேன். இன்ஜின் மட்டும் ஓட வேண்டும், ஒரு ஆள் பிரேக்கில் காலை வைத்திருப்பது நல்லது.

"பக்கத்து வூட்டு முருகன கூப்பிடட்டா?" என்று கஸ்தூரி கேட்டார்.

"வரப்புத் தகராறு கீது."

"எங்க தம்பி?"

"அவனுக்கு இந்த வண்டி மேல ஒரு கண்ணு."

"மருமவன்?"

அதற்கு அவர் அரைஞாண் முடிச்சை இன்னும் இறுக்கினார். எல்லாரையும் கழித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"பாய், ஒனக்கு எம் மேல கோவம் கீதா?"

"கீது," என்றேன். அவர் பேச்சு என் வாயிலும் வந்துவிட்டது.

"எவ்ளோ?"

"நெறைய இருக்குண்ணே. என் கடை பேரையே கெடுத்துட்டீங்க."

தலையாட்டினார். அரைஞாணை அவிழ்த்துச் சாவியை எடுத்து என் கையில் வைத்தார். உடம்புச் சூட்டோடு இருந்தது. "மூஞ்சிக்கு நேரா கோவத்தச் சொல்றவன் பிரேக்க உட மாட்டான்," என்றார்.

நான் ஏறி உட்கார்ந்தேன். அவர் குறைந்துபோன அளவுக்கு ஆயில் ஊற்றினார். இன்ஜினைப் போட்டு, பிரேக்கை மிதித்தபடி ஒவ்வொரு கியராக மாற்றி, திரும்ப நிறுத்தும் கியருக்குக் கொண்டுவந்தேன். அதன் பிறகு அவர் அடியில் நுழைந்தார். ஒல்லியான மனிதர், ஜாக்கி தேவைப்படவில்லை. தேவைப்பட்டிருந்தாலும் ஜாக்கியை நம்பியிருக்க மாட்டார். என் வலது கால் பிரேக்கிலேயே இருந்தது. மூச்சைக்கூடப் பார்த்து விட்டேன். என் பெயரைக் கெடுத்த ஆள் என் காலுக்குக் கீழே படுத்திருக்கிறார் என்பது நினைவில் இருந்தது. அந்தக் காலை ஒரு மயிரிழை அசைத்துவிடக் கூடாது என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. பிறகு அடியிலிருந்து குரல் வந்தது.

"சொட்டா வருது பாய்."

அவர் வெளியே வந்து துடைத்துக்கொண்ட பிறகுதான் காலை எடுத்தேன். இறங்கிப் பார்த்தால் நான்கு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் பெரிய பெரிய கருங்கல். நான் ஏறி உட்கார்ந்த நேரத்தில் சத்தமில்லாமல் வைத்திருக்கிறார்.

"என்னண்ணே, நம்பித்தான சாவிய குடுத்தீங்க?"

"நம்பிக்கை தனி பாய். கல்லு தனி."

மறுநாள் அதே டீக்கடையில், அதே ஆட்களுக்கு நடுவில் நின்று, "பாய் கடை ஆயில் மேல இப்போதைக்குச் சந்தேகம் இல்ல," என்று அறிவித்தார். மன்னிப்புக் கேட்கவில்லை. 'இப்போதைக்கு' என்ற சொல்லை விடவும் இல்லை. அந்த வாரமே டின்னைத் திருப்பித் தந்த டிராக்டர்காரர் வந்து அதே டின்னை வாங்கிப்போனார். அரக்கு வைத்த சாம்பிள் பாட்டிலை உடைத்துப் போடும்படி நான் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். "கேஸ் இன்னும் மூடல," என்பார். நாங்கள் நெருங்கிப் பழகியது அதன் பிறகுதான்.

துக்கத்துக்குப் போனபோது, வாசலை அடைத்துக்கொண்டு பிக்கப் நின்றது. பந்தல் போட இடமில்லை. ஆட்டோமேட்டிக் வண்டி தனக்குப் பழக்கமில்லை என்றார் மருமகன். தள்ளிப் பார்த்தார்கள், அசையவில்லை. கஸ்தூரி உள்ளே போய்விட்டு வந்தார்.

"அவரு இடுப்புலேந்து இப்பதான் அவுத்தேன்," என்று சாவியை நீட்டினார். "இத்த ஒங்க கையில தவர வேற யாரு கையிலயும் அவரு குடுத்தது இல்ல பாய்."

வாங்கினேன். சில்லென்று இருந்தது.

சக்கரங்களுக்கு வைத்திருந்த கற்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சுவரோரம் அடுக்கினேன். ஏறப்போகும்போது, என்னை அறியாமல் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தேன். அழுகை அப்போதுதான் வந்தது.

கஸ்தூரி எடுத்துக் கொடுத்த அந்தச் சாம்பிள் பாட்டில் இப்போது என் கடையில், கல்லாவுக்கு மேல் இருக்கிறது. அரக்கு உடையவில்லை. ஆனால் அவரிடமிருந்து எனக்கு வந்ததென்று நான் சொல்வது அதை அல்ல. இப்போதெல்லாம் எந்த வண்டியை எடுப்பதாக இருந்தாலும், சாவி போடும் முன் குனிந்து அடியில் ஒரு தடவை பார்க்கிறேன். யாரும் இல்லை என்று தெரியும். தெரிந்தும், நம்பாமல், இன்னொரு தடவை பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறேன்.