எரியாத வீட்டுக்காரி

எங்கள் வீடும் எரிந்திருந்தால் நான் இன்றைக்கு ஊருக்குள் மரியாதையாக இருந்திருப்பேன். பியோர்ண்டால் என்ற இந்த வெளிநாட்டுப் புறநகரில், காட்டை ஒட்டிய எங்கள் ஒழுங்கையில், அக்கம்பக்கத்து மரவீடுகள் காட்டுத்தீயில் கரியாகிப்போக, நடுவில் எங்களுடையது ஒரு ஜன்னல் கண்ணாடி வெடித்ததோடு தப்பிவிட்டது. எரிந்த வீட்டுக்காரர்களுக்குச் சனம் சோறும் கறியும் கொண்டுபோனது. எனக்குக் கேள்வி கொண்டுவந்தது.

"ஏன் உங்கட வீடு மட்டும் எரியேல்லை?"

காரணம் மிகவும் சாதாரணமானது. அதனால்தான் ஒருவருக்கும் பிடிக்கவில்லை. வசந்தம் வந்தால் ஒழுங்கைக்காரர் எல்லாரும் கூடித் துப்புரவு செய்கிற டுக்னாட் நடக்கும். எங்கள் தமிழ் ஆட்களுக்கு டுக்னாட் என்றால் வாஃபிள். விளக்குமாறும் கையுமாக ஒரு படம் எடுப்பது, வாஃபிளைச் சாப்பிடுவது, வீட்டுக்குப் போவது. ஒருமுறை தீயணைப்புப் படையிலிருந்து ஒரு பெண் வந்து பேசினார். காட்டுத்தீ நேரே வந்து வீட்டில் ஏறுவது குறைவு, காற்றில் வரும் பொறிதான் ஆபத்து என்றார். கூரைப் பீலியில் அடைந்த சருகு, சுவரோரம் அழகுக்குப் பரப்பிய மரப்பட்டை, காய்ந்த தூயாச் செடி வேலி, இவற்றில் ஒரு பொறி விழுந்தால் போதுமாம். மற்றவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என் முறை வந்தபோது வாஃபிள் மா முடிந்துவிட்டது, அதனால் நான் கேட்டுக்கொண்டு நின்றேன்.

அடுத்த கிழமையே நானும் கணவரும் தூயா வேலியைப் பிடுங்கினோம். சுவரைச் சுற்றிச் சரளைக்கல் போட்டோம். புத்திசாலித்தனம் ஒன்றும் இல்லை, அந்த வேலியைக் கத்தரித்துக் கத்தரித்து எனக்கு வெறுத்துப்போயிருந்தது.

பக்கத்து வீட்டு அக்கா வந்து பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "என்னப்பா இது, சுடலை மாதிரிக் கிடக்கு!" தீயணைப்புப் பெண் சொன்னதை அப்படியே சொன்னேன். "உமக்கு வேலை இல்லை," என்றார். அவர் எனக்குச் சொந்தமில்லை, ஆனால் சொந்தத்துக்கு மேலே. மீன் வாங்கினால் பாதி எங்கள் வீட்டுக்கு வரும். என் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டால் அவர் குசினிக்குத்தான் போவார்கள்.

பிறகு மழையே இல்லாத ஒரு கோடை வந்தது. யாரோ காட்டுக்குள் சொசேஜ் சுட்டுவிட்டுத் தகரத் தட்டு அடுப்பை அணைக்காமல் போயிருக்கிறார்கள். காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. அக்காவின் வேலி எண்ணெய் ஊற்றியதுபோலப் பற்றிக் கூரைவரை ஏறியதை இருவரும் தெருவில் நின்று பார்த்தோம். கலியாண அல்பம் உள்ளே என்று கத்தினார். என் கையை விடவே இல்லை.

அந்தப் பிடி ஒரு கிழமைதான் தாங்கியது. அதற்குள் எங்கள் கைபேசிக் குழு விசாரணைக் கமிஷனாகிவிட்டது. வானத்திலிருந்து ஓர் ஒளிக்கதிரை இறக்கி வீடுகளைக் கொளுத்துகிறார்களாம், நீலநிறத்தில் அது படாதாம், வீடியோவே இருக்கிறதாம், அக்காவும் அதைப் பகிர்ந்திருந்தார். எங்கள் வாசற்கதவு நீலம். மலிவு விற்பனையில் அந்த ஒரு பெயின்ற்தான் மிஞ்சியிருந்தது என்று சொன்னால் யார் கேட்கிறார்கள்? ஸ்தவாங்கரில் எண்ணெய்க் கம்பெனியில் வேலை செய்யும் ஓர் எஞ்சினியர் நீண்ட குரல்பதிவு போட்டார். "மரம் பச்சையா நிக்குது, வீடு சாம்பல். விஞ்ஞானமா யோசியுங்கோ!" பச்சை மரத்துக்குள் தண்ணீர் இருக்கும், காய்ந்த பலகைக்குள் இருக்காது. இந்த ஆளை நம்பி எண்ணெயை விட்டிருக்கிறார்களே!

வெள்ளைக்காரரும் சளைத்தவர்கள் இல்லை. ஒழுங்கை முனையில் இருக்கிற கிழவர், புதிய மின்மானிகள் வழியாக அரசாங்கமே கொளுத்தியது என்றார். எங்கள் வீட்டிலும் அதே மின்மானிதான் இருக்கிறது என்றேன். "அதுதான் சந்தேகம்," என்றார்.

இதற்கெல்லாம் நான் சிரித்தேன். சிரிக்க முடியாதது அக்காவின் அழைப்பு. தீக்குப் பிறகு நகரின் மறுகோடியில், குரோருட்டில் வாடகை வீட்டில் இருந்தவர் ஒருநாள் போன் எடுத்தார்.

"உமக்கு முன்னமே தெரிஞ்சிருக்கு. எனக்கொரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்."

"சொன்னனான் அக்கா. நீங்கள் சிரிச்சனீங்கள்."

போனை வைத்துவிட்டார். நான் வேலையிடத்துக் கார்த் தரிப்பிடத்தில் இருந்து ஒப்பாரி வைக்காத குறையாக அழுதேன். வானத்திலிருந்து கதிர் வரும் என்று நம்ப முடிந்தவருக்கு, என்னை நம்ப முடியவில்லை.

அடுத்த வசந்தத்தில் அதே இடத்தில் புதுவீடு எழும்பியது. குடிபூரலுக்கு அவர் கணவர்தான் வந்து சொன்னார். போய்ப் பார்த்தால் வீடு முழுக்க நீலம், கூரைகூட நீலம். சுற்றிவரப் புத்தம்புதிய தூயா வேலி, அதன் அடியில் மொறுமொறுவென்று மரப்பட்டை. வாசலில் நீத்துப்பூசணிக்காய் தயாராக இருந்தது, உச்சியில் கற்பூரம். நாவூறு கழித்து அதைச் சிதற அடிக்கப்போகிறார்கள்.

நான் திரும்பி வீட்டுக்குப் போய் வாளி நிறையத் தண்ணீர் கொண்டுவந்தேன்.

"மானம் போகுது, வாளியை வையும்," என்று கணவர் பல்லைக் கடித்தார்.

அக்காவின் கணவர் பூசணிக்காயைச் சுற்றி ஓங்கி அடித்தார். காய் சிதறியது, எரிகிற கற்பூரம் உருண்டு பட்டைக்குள் போனது. புகை வந்தது. வேலியின் கீழ்க்கிளை சடசடத்தது. எல்லாரும் படம் எடுத்துக்கொண்டு நிற்க, நான் வாளியைக் கவிழ்த்தேன். பட்டுச்சேலைகளில் சேறு தெறித்தது.

அக்கா வாளியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இதுவும் உமக்கு முன்னமே தெரியும், என்ன?"

"ஓம் அக்கா. தெரியும்."

அவர் உள்ளே போய்விட்டார். எனக்குச் சாப்பாடு இல்லை. நான் வீட்டுக்கு நடந்து முடிப்பதற்குள், தண்ணீரோடு நிற்கும் என் படம் குழுவில் வந்துவிட்டது.

அந்த வேலி இப்போது ஆளுயரம் வளர்ந்துவிட்டது. மழை இல்லாத கிழமைகளில், வேலை முடிந்து வந்ததும் எங்கள் பக்கத்தில் நின்று குழாயைப் பிடித்து அதன் அடிவரை நனைக்கிறேன். அக்கா திரைச்சீலையை விலக்கிப் பார்ப்பார். நான் கையசைப்பேன். கொஞ்ச நேரத்தில் குழுவில் அவர் எழுதியது வரும்: "இண்டைக்கும் வந்து என்னத்தையோ தெளிக்கிறா."