மலை ஏற மறுத்த காரும் மூணு ஷிப்ட் மெக்கானிக்குகளும்

எங்க வீட்டுக்காரருக்குக் கோபம் வந்தா பேசமாட்டார், எதையாவது கழட்ட ஆரம்பிச்சிடுவார். மிக்ஸி, டேபிள் ஃபேன், தண்ணி மோட்டார் எல்லாம் அப்படிக் கழண்டதுதான். ஒரு முழு காரையே கழட்டுவார்னு மட்டும் நான் நினைச்சுப் பாக்கல. அதுக்குக் காரணம் எங்க அப்பா.

நான் ஏற்காட்டுக்காரி. அப்பா அங்க ஒரு காபி எஸ்டேட்ல ஜீப் டிரைவர். கல்யாணமாகி நெய்வேலி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸுக்கு வந்தப்ப, இங்க மேடுன்னு சொல்லிக்க இருக்கிறதே மைன்ஸ்ல தோண்டிக் கொட்டின மண்ணுதான்னு தெரிஞ்சு எனக்குப் பாதி உசுரு போச்சு. இவருக்கு மைன்ஸ்ல மெக்கானிக் வேலை, பர்மனென்ட். ரெண்டாயிரத்துப் பத்து தாண்டினதும் பிளாக்ல ஆளாளுக்குக் கார் வாங்க, நாங்களும் பழசா ஒரு குட்டிக் கார் வாங்கினோம். வடலூருக்குப் போக வர அது ராஜா மாதிரி ஓடிச்சு.

அந்த வருஷத் தீபாவளிக்கு என்னையும் மாமியாரையும் ஏத்திக்கிட்டு முதல் தடவையா ஏற்காடு கிளம்பினார். சேலம் வரைக்கும் ஒரு குறையுமில்ல. மலையில பதினாலாவது வளைவு வந்ததும் வண்டி இருமிச்சு, குலுங்கிச்சு, நின்னுபோச்சு. ரெண்டு தடவை முயற்சி பண்ணிட்டு மெதுவா என் பக்கம் திரும்பி, "கொஞ்சம் இறங்கி நடக்கிறியா?"ன்னார். அவங்க அம்மாவை இறக்க முடியுமா? நான் இறங்கினேன். வண்டி ஜம்முனு ஏறிடுச்சு. மேல போய் எனக்காகக் காத்திருந்தார். ஏறி உட்கார்ந்தேன், அடுத்த வளைவுல மறுபடி இறங்கினேன். பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நான் நடக்கிறதை எங்க ஊர் பஸ்ஸே பார்த்துட்டுப் போச்சு. நாங்க வீட்டுக்குப் போய்ச் சேர்றதுக்கு முன்னாடியே சேதி அப்பா காதுக்குப் போயிடுச்சு.

"மாப்ள, எங்க வீட்டுல இருந்தவரைக்கும் பாப்பா இவ்வளவு கனம் இல்லீங்களே"ன்னார் அப்பா. வீடே சிரிச்சுது. இவர் மட்டும் சிரிக்கல. உண்மையைச் சொன்னா எனக்கும் உள்ளுக்குள்ள எரிஞ்சுது. திரும்பி வந்ததும் சொல்லிட்டேன்: "இங்க ஏறினா எங்க அப்பா வீட்டு வாசல்லதான் இறங்குவேன். நடுவுல ஒரு வளைவுலயும் என் கால் தரையில படாது. அப்படிக் கூட்டிக்கிட்டுப் போக முடியும்னா தம்பி கல்யாணத்துக்குச் சேர்ந்து போவோம். முடியாதுன்னா நான் பஸ்ல போயிக்கிறேன், நீங்க இங்கயே இருங்க." தம்பிக்கு வைகாசியில கல்யாணம்னு அப்பதான் பேசி முடிச்சிருந்தாங்க.

அவர் ஸ்பேனரை எடுத்துக்கிட்டுப் பின்பக்கம் போயிட்டார்.

சென்னை புதுப்பேட்டைப் பழைய உதிரி மார்க்கெட்டுல தேடி, பின்னாடி நசுங்கின ஒரு பெரிய கார்லேர்ந்து டர்போ டீசல் இன்ஜினைக் கியர்பாக்ஸோட வாங்கிக்கிட்டு வந்தார். ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நடையா நடந்து அதுக்கு முறைப்படி அனுமதியும் வாங்கினார். "டர்போன்னா என்னங்க?"ன்னு கேட்டேன். "வெளிய போற புகையிலேயே ஒரு காத்தாடி சுத்தும். அது உள்ள காத்தைத் தள்ளும். இன்ஜினுக்கு ரெண்டு ஆள் மூச்சு வரும்"னார். அவ்வளவு மாசத்துல அவர் என்கிட்ட பேசின நீளமான பேச்சு அதுதான்.

தனியாளா ஆகிற வேலையில்லை அது. பக்கத்து வீட்டு எலக்ட்ரீசியன் அண்ணன், திருநெல்வேலிக்காரர், வயரிங்கை எடுத்துக்கிட்டார். கம்மாபுரத்து வெல்டர் தம்பி, கல்யாணமாகாதவர், இன்ஜின் உட்கார்ற பிராக்கெட்டை ஏத்துக்கிட்டார். கஷ்டம் என்னன்னா மூணு பேருக்கும் மைன்ஸ்ல மூணு ஷிப்ட். ஒருத்தர் வரும்போது ஒருத்தர் கிளம்புவார், ஒருத்தர் தூங்குவார். அதனால மைன்ஸ்ல மாதிரியே எங்க பின்பக்கமும் ஷிப்ட் வேலையாயிடுச்சு. மாத்திவிட ரிலீவர் வராம யாரும் காரை விட்டு நகரமாட்டாங்க. "அண்ணி, நான் ஒரு பக்கம் வெல்டிங் அடிச்சிக்கினு இருக்கேன், அண்ணன் வந்தா அடுத்த பக்கம் தொடவேணாம்னு சொல்லுங்க"ன்னு வெல்டர் தம்பி சொல்லுவார். "தங்கச்சி, சிவப்பு வயரை எவனும் தொடக் கூடாது கேட்டியா"ன்னு அண்ணன் சொல்லுவார். நான் அடுப்புல சாம்பாரை வெச்சுக்கிட்டு மூணு ஷிப்டுக்கும் சூப்பர்வைசர். சம்பளம்தான் இல்ல.

பெரிய இன்ஜின் வந்ததும் பேட்டரிக்கு இடமில்லாம டிக்கிக்குப் போச்சு. கனம் தாங்காம மூக்கைக் குத்திக்கிட்டு நின்ன வண்டிக்கு முன்பக்க ஸ்பிரிங்கை மாத்தினாங்க. மாசி, பங்குனி, சித்திரை எல்லாம் அப்படியே போச்சு. பழி வாங்கத்தான் ஆரம்பிச்சாங்கன்னாலும், அந்த மூணு பேரும் அவ்வளவு சந்தோஷமா இருந்து நான் பார்த்ததேயில்லை. ஷிப்ட் முடிச்சு அசந்து வர்ற மனுஷன், காரைப் பார்த்ததும் முகம் கழுவின மாதிரி ஆயிடுவார்.

கல்யாணத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி, மூணு பேரும் லீவு போட்டுட்டு முதல் தடவையா ஒண்ணா நின்னாங்க. சாவியைத் திருப்பினார். இன்ஜின் உடனே பிடிச்சுது. கை தட்டினோம். தட்டி முடிக்கிறதுக்குள்ள சத்தம் தானா ஏற ஆரம்பிச்சுது. சாவியை வெளிய உருவிட்டார், அப்பவும் நிக்கல. வெள்ளைப் புகை கிளம்பி எங்க வீடு, பக்கத்து வீடு, எதிர் வரிசை எல்லாத்தையும் மறைச்சிடுச்சு. கடைசியில டாப் கியரைப் போட்டு, பிரேக்கை அழுத்திக்கிட்டு கிளட்சை விட்டார். குலுங்கி அடங்குச்சு.

இன்ஜின் ஆயிலே உள்ள புகுந்து டீசல் மாதிரி எரிஞ்சிருக்கு, அதான் சாவியை உருவியும் நிக்கலன்னு கண்டுபிடிச்சாங்க. எப்படின்னுதான் யாருக்கும் புரியல. நான் சுவரோரம் கிடந்த காலி ஆயில் கேனைக் காட்டினேன். மூணு கேன். ஆயில் அளவு பாக்கிற கம்பி அந்த இன்ஜினோட வரல. ஷிப்டுக்கு ஒருத்தரா, எதுக்கும் இருக்கட்டும்னு ஆளுக்கு ஒரு கேன் முழுசா ஊத்தியிருக்காங்க. மைன்ஸ்ல ஆயில் குறைஞ்சா விளக்கம் கேட்டு சார்ஜ் மெமோ வரும், கூடினா யாரும் கேக்கமாட்டாங்களாம். நான் சிரிச்ச சிரிப்புல இடுப்பு பிடிச்சுக்கிச்சு. கொடியில காயப்போட்ட புடவையெல்லாம் புகை நாத்தம்னு எலக்ட்ரீசியன் வீட்டு அக்கா மட்டும் சிரிக்கல. கல்யாணத்துக்கும் வரமாட்டேன்னுட்டாங்க.

ஆயிலை வடிச்சு அளவா ஊத்தினதும் வண்டி சமர்த்தா ஓடிச்சு. கல்யாணத்துக்கு முந்தின நாள் நாங்க ரெண்டு பேரு, பின்னாடி அவங்க ரெண்டு பேரு, டிக்கியில பேட்டரிக்குப் பக்கத்துல பலாப்பழம்னு கிளம்பினோம். மலை ஆரம்பிச்சதும் என்ன ஒரு இழுப்பு! டர்போ விசிலடிக்க விசிலடிக்க, பின்னாடி ரெண்டு பேரும் சின்னப் பசங்க மாதிரி கத்திக்கிட்டு வந்தாங்க. இவர் சிரிச்சார். தீபாவளிக்கு அப்புறம் அந்த மலையிலதான் அவர் வாய்விட்டுச் சிரிச்சார்.

பதினாலாவது வளைவு. மேலேர்ந்து ஒரு பஸ் வந்துச்சு. இவர் கியரைக் குறைக்காம மூணாவதுலயே வேகத்தைக் குறைச்சுத் திருப்பினார். டர்போ மூச்சு விட இன்ஜின் கொஞ்சமாவது வேகமாச் சுத்தணும். வண்டி குலுங்கி அணைஞ்சுபோச்சு. அதே வளைவு. ஹேண்ட்பிரேக்கை இழுத்தார். மறுபடி ஸ்டார்ட் பண்ணார், பின்னாடி உருண்டுது, மறுபடி அணைஞ்சுது. பஸ்காரன் ஹாரனை அடிக்கிறான். பின்னாடி ரெண்டு பேரும் கதவுல கை வெச்சாச்சு.

"யாரும் இறங்கக் கூடாது. நீங்க மட்டும் இறங்குங்க"ன்னேன் அவர்கிட்ட. இறங்கி, சக்கரத்துக்கு ஒரு கல்லை வெச்சுட்டுப் பார்த்துக்கிட்டு நின்னார். நான் கியர் கம்பியைத் தாண்டி, புடவையோட அப்படியே டிரைவர் சீட்டுக்கு நகர்ந்தேன். சொன்ன சொல்லுன்னா சொல்லுதான், என் கால் தரையில படல. அவர் சுத்தி வந்து என் சீட்டுல உட்கார்ந்தார். இந்த மலையில அப்பா ஜீப்பைத்தான் நான் முதன்முதலா ஓட்டிப் பழகினேன். கல்யாணத்துக்கு அப்புறம் யாரும் ஓட்டச் சொல்லல, நானும் கேக்கல. முதல் கியர், காலுக்குக் கீழ இன்ஜின் உறுமுது, ஹேண்ட்பிரேக்கை விட்டேன். அம்மாடி, வண்டி பாய்ஞ்ச பாய்ச்சலைச் சொல்ல எனக்கு வார்த்தை வரல. மிச்சமிருந்த வளைவெல்லாம் பாட்டு மாதிரிப் போச்சு.

வாசல்ல அப்பா, சித்தப்பாங்க, பந்தல் போடறவங்க எல்லாரும் நின்னாங்க. நான் டிரைவர் சீட்டுலேர்ந்து இறங்கறதைப் பார்த்ததும் அப்பாவுக்குச் சிரிப்புல மீசை துடிச்சுது. "எந்த இடத்துல மாப்ள கை மாத்துனீங்க?"ன்னார். எலக்ட்ரீசியன் அண்ணன் சட்டுனு முன்னால வந்து, "அவனுக்குக் கை வலின்னு அடிவாரத்துலயே..."ன்னு ஆரம்பிச்சார். இவர் அவர் தோளைப் பிடிச்சு நிறுத்தினார்.

"அதே வளைவுதான் மாமா. வண்டி மேல ஒரு தப்புமில்ல. எனக்குத்தான் மலையில ஓட்டத் தெரியல, நான் நிறுத்திட்டேன். உங்க பொண்ணு ஏத்திட்டா."

மானத்துக்காக அத்தனை மாசம் தூக்கத்தைத் தொலைச்ச மனுஷன், அவ்வளவு பேர் நடுவுல அந்த மானத்தை எடுத்து என் கையில கொடுத்துட்டார். இவர் இப்பேர்ப்பட்ட மனுஷன்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா நான் அந்தப் பழைய இன்ஜினுக்கே எல்லா வளைவுலயும் இறங்கி நடந்திருப்பேன்.