அக்காவுக்குக் கிடைக்காத தறப்பாள்

மாங்கேணியில் கருவாடு போட்டு விற்கும் கேதீஸ்வரிக்கு எதையும் விசாரித்து அறியாவிட்டால் சோறு இறங்காது. கரையில் புதிதாக ஒரு வள்ளம் நின்றால், யாருடையது, யார் செய்தது, என்ன மரம் என்று கேட்டறிந்த பிறகே மீனைக் கையில் எடுப்பாள்.

யுத்தம் முடிந்தபின் வந்த பிரதேச சபைத் தேர்தலில் அவளுடைய தம்பி சிவதர்ஷன் நின்றான்.

"அக்கா, நீ வீடு வீடாப் போய்ச் சொன்னா சனம் நம்பும்," என்றான்.

அவள் தலையாட்டவில்லை. சுனாமிக்குப் பிறகு முகாமில் கூடாரம் கட்டத் தறப்பாள் விரிப்புகளைப் பங்கிட்டவன் இவன்தான். வரிசையில் நின்ற சொந்த அக்காவை வெறுங்கையோடு அனுப்பினான். கோபத்தில் அன்று அவள் ஏன் என்று கேட்கவில்லை. பங்கில் கள்ளம் செய்திருந்தால் அவனுக்காக ஒரு வீட்டுப் படலையையும் தட்டுவதில்லை என்று இப்போது தீர்மானித்தாள்.

அவனைக் கேட்டால் தனக்கு ஏற்றபடிதான் சொல்வான். தேர்தல் நேரத்தில் ஊராரும் அப்படித்தான். ஆகவே வாழைச்சேனைத் துறைமுகத்தில் மீன் வாங்கும், அவள் 'காக்கா' என்று அண்ணன் முறை சொல்லும் முனாப்பிடம் போனாள். ஓட்டமாவடியிலிருந்து அந்தத் தறப்பாள்களை லொறியில் கொண்டுவந்து இறக்கியவர் அவர். மாங்கேணியில் அவருக்கு வாக்கும் இல்லை.

"காக்கா, எனக்கு வரவேண்டிய தறப்பாள் ஆருக்குப் போச்சு?"

"பிந்தி வந்த ஒரு பிள்ளைத்தாச்சிக்கு. கடைசி ஒண்டுதான் கிடந்த. 'அக்கா நிக்கிறா, பாருங்க' எண்டு நான்தான் சொன்னன். 'அவக்கு நான் இரிக்கன்' எண்டார் உங்கட தம்பி."

"இருந்தானா? மழையில நனைஞ்சது நானெல்லோ. தனக்கு ஒண்டு எடுத்தானா?"

"அவர் என்ட லொறிக்குக் கீழதானே படுத்த."

"அப்ப என்னை ஏன் வந்து பாக்கல்ல?"

"அதை அவர்ட்டத்தான் கேக்கணும்," என்று முனாப் சிரித்தார்.

மறுநாள் தம்பியையும் கூட்டிக்கொண்டு அயலில் இருக்கும் இராசாத்தி வீட்டுப் படலையைத் தட்டினாள்.

"என்ட தம்பிக்கு வோட்டுப் போடுகா. பொதுச் சாமானில கை வைக்கமாட்டான். சொன்ன சொல்லை மட்டும் மறந்துபோவான், விடாமக் கேக்கணும்."

சிவதர்ஷனின் முகம் கறுத்தது. "இப்பிடிச் சொன்னா ஆர் போடுவான்?"

"உள்ளதைத்தான் சொல்லுறன். வேணாமெண்டா வேற ஆளைப் பிடி."

இராசாத்தி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வோட்டுக் கேட்டு வந்த மற்ற ஆக்கள் தங்கட ஆளில ஒரு குறையும் சொல்லல்லகா. அதுதான் எனக்கு யோசினையாக் கிடந்த," என்றபடி படலையைத் திறந்தாள். "உள்ள வா தம்பி. கேக்கச் சில விசயம் இரிக்கு."