வெள்ளைக்காரி வாயில் என் பேச்சு

சித்தப்பாவை நினைத்தால் எனக்கு முதலில் அவர் முகம் வருவதில்லை. அவர் கையில் இருந்த தகரக் குழாய்தான் வருகிறது. ஒரு முனை சிறுத்து மறுமுனை அகன்று, எண்ணெய் ஊற்றும் புனல் மாதிரி இருக்கும். உதட்டைக் கிழித்துவிடாதபடி வாய் வைக்கிற இடத்தில் பழைய வேட்டித் துணியைச் சுற்றியிருப்பார். தூத்துக்குடியில் எங்கள் தெருவுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் இங்கிலீஷ் படம் ஓடும் நாட்களில், திரைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் ஏறி நின்றுகொள்வார். படப்பெட்டி ஓட்டுகிறவர் சத்தத்தைக் குறைத்ததும், குழாயை வாயில் வைத்து, வெள்ளைக்காரர்கள் பேசுவதையெல்லாம் நமக்குத் தமிழில் சொல்லுவார். அது யுத்த காலம். புதுப்படம் வருவது அபூர்வம். வந்த படமே திரும்பத் திரும்ப வரும். ஆனாலும் சித்தப்பாவுக்காகவே கூட்டம் வந்தது.

அவருக்கு இங்கிலீஷ் தெரியும் என்று ஊரே நம்பியது. துறைமுகத்தில் தோணிக்கு மூட்டை ஏற்றுகிற இடத்தில் மேஸ்திரியாக இருந்தவர். அங்கே காதில் விழுந்த நாலு வார்த்தையைத் தவிர அவருக்கு வேறொன்றும் தெரியாது என்பது எங்கள் வீட்டுக்குத் தெரியும். பிறகு எப்படிக் கதை சொன்னார் என்கிறீர்களா? ஊரில் நடந்ததை எடுத்துத் திரையில் போட்டுவிடுவார். காலையில் மீன் சந்தையில் இரண்டு பெண்கள் போட்ட சண்டை, மாலையில் துரைக்கும் துரைசாணிக்கும் நடக்கிற சண்டையாகிவிடும். எந்த மருமகள் எந்த மாமியாரைப் பார்த்து என்ன சொன்னாள் என்பதெல்லாம் தொப்பி போட்டுக்கொண்டு குதிரை மேல் வரும். "இன்னைக்கு யாரு வீட்டுக் கதைலே?" என்று கேட்டுக்கொண்டேதான் சீட்டு வாங்குவார்கள். அடுத்த வீட்டுக் கதை என்றபோது நானும் வயிறு வலிக்கச் சிரித்தவள்தான். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

எட்டாம் வகுப்பு முடித்து வீட்டில் உட்கார்ந்திருந்தேன். பாளையங்கோட்டையில் வாத்திச்சிப் பயிற்சிக்குப் பெண்களை எடுக்கிறார்கள், தங்க இடமும் சாப்பாடும் அவர்களே கொடுக்கிறார்கள் என்று பள்ளிக்கூடத்து டீச்சர் சொல்லி அனுப்பினார். அப்பாவிடம் வாய் திறக்க முடியாது. என்னை அத்தை மகனுக்குக் கொடுப்பதென்று நான் தொட்டிலில் கிடந்தபோதே பேசி வைத்திருந்தார்கள். அவருக்குக் குலசேகரன்பட்டினத்தில் கருப்பட்டிக் கடை. கெட்ட மனிதரில்லை. ஆனால் வாயைத் திறந்தால் கருப்பட்டியைத் தவிர வேறு பேச்சு வராது. நான் சித்தப்பாவிடம் போனேன். எனக்கு வேறு யார் இருந்தார்கள்? சின்ன வயதிலிருந்தே என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தவர். மனுவை அவரே எழுதித் தபாலில் போட்டார். பதில் வீட்டுக்கு வந்தால் வம்பு என்று துறைமுகத்து விலாசத்தைக் கொடுத்தார். இடம் கிடைத்துவிட்டதாகப் பதிலும் வந்தது. புதன்கிழமை காலையில் அங்கே போய்ச் சேர வேண்டும். "நீ ஒண்ணுக்கும் பயப்படாதட்டி. கடுதாசி எம்பெட்டில பத்திரமா கெடக்கு. ஞாயித்துக்கெழம ராத்திரி சோறு திங்கும்போது அண்ணன்ட்ட பக்குவமாச் சொல்லுதேன். நானே ஒன்ன ரயிலேத்தி விடுதேன்" என்று என் தலையில் கைவைத்துச் சொன்னார்.

சனிக்கிழமை அத்தை வந்து இறங்கினாள். திங்கட்கிழமை வெற்றிலை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று தேங்காய் பழத்தோடு வந்திருந்தாள். நான் சித்தப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். சித்தப்பா என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். நான் தேறிக்கொண்டேன். மறுநாள் பகல் காட்சிக்கு எல்லாரும் வாருங்கள், புதுப்படம் வந்திருக்கிறது என்று அவரே கூப்பிட்டுப் போனார். பெண்கள் பக்கத்தில் அத்தைக்கும் அம்மாவுக்கும் நடுவில் நான் உட்கார்ந்தேன். நடுவில் மறைத்திருந்த தட்டிக்கு அந்தப் பக்கம், ஆண்கள் பெஞ்சில் அப்பா.

படம் ஒரு பெண்ணைப் பற்றியது. தொப்பி வைத்து, இடுப்பில் துப்பாக்கி சொருகி, ஆம்பிளை மாதிரி குதிரை ஓட்டினாள். காசில்லாமல் எடுத்த படம் என்பது எனக்கே தெரிந்தது. ஒரே மலையைத்தான் மூன்று தடவை சுற்றினார்கள். துரத்துகிறவனும் துரத்தப்படுகிறவனும் மாற்றி மாற்றி ஒரே வெள்ளைக் குதிரையில் வந்தார்கள். இருந்தாலும் அவளை எனக்குப் பிடித்துப்போயிற்று. ஒரு பெண் யாரையும் கேட்காமல் இப்படி ஏறி உட்கார்ந்து போக முடியுமா என்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாதிப் படத்தில் அவளும் அவள் தகப்பனும் ஒரு மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள். பேசினார்கள், பேசினார்கள், முடியவே இல்லை. குதிரையும் இல்லை, சண்டையும் இல்லை. ஆண்கள் பக்கம் விசிலடித்தார்கள். "ஏலே, சண்டையப் போடச் சொல்லு!" என்று ஒருவன் கத்தினான். சித்தப்பா தடுமாறினார். என்ன சொல்வதென்று தெரியாமல் குழாயை இறக்கி ஒரு முறை செருமினார். பிறகு வாயில் வைத்தார்.

"அப்பா, எனக்கு அந்தக் கருப்பட்டிக் கடக்காரன் வேண்டாம். அவன் வாயத் தொறந்தா கருப்பட்டி, மூடுனா ஈ!"

கொட்டகையே அதிர்ந்தது. ஈயை அவர் சேர்த்துக்கொண்டார். மற்றது நான் அவரிடம் அழுதுகொண்டே சொன்னது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். சிரிப்பு அவரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. "நான் வாத்திச்சிக்குப் படிக்கப் போறேன். பொதங்கிழம பாளையங்கோட்டையில இருக்கணும். கடுதாசி வந்தாச்சு!" என்று அந்த வெள்ளைக்காரி மேசையைத் தட்டிச் சொன்னாள். ஜனங்கள் கைதட்டினார்கள். பக்கத்தில் அத்தை சிரிக்கவில்லை. வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டு மெதுவாக என் பக்கம் திரும்பினாள். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். அந்த மூடலே போதுமே, வேறு சாட்சி எதற்கு?

தட்டிக்கு அப்பால் அப்பா எழுந்து நின்றுவிட்டார். சித்தப்பா அவரைப் பார்த்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் சொன்ன கதையை என் உயிர் உள்ளவரை மறக்கமாட்டேன். திரையில் அந்தப் பெண் யாரையும் திரும்பிப் பார்க்காமல், தனியாகக் குதிரையேறி, மலைக்கு அப்பால் போய்க்கொண்டிருக்கிறாள். சித்தப்பா குழாயில் கத்துகிறார்: "புத்தி வந்துட்டு அவளுக்கு! அத்தானக் கெட்டிக்கிடப் போறா, பாருங்க, எம்புட்டு வேகமாப் போறா!" ஜனங்கள் அதற்கும் கைதட்டினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை, "எங்கன உள்ள கடுதாசிலே அது?" என்று தன் தம்பிகளான அப்பாவையும் சித்தப்பாவையும் நிறுத்திக் கேட்டாள். "படத்துல அந்தப் பொம்பள பேசுனதத்தான் நான் தமிழ்ல சொன்னேன்" என்றார் சித்தப்பா. அப்பா என் பக்கம் திரும்பினார். "அப்பம் இவ ஏன் அழுதுக்கிட்டு நிக்கா?" எனக்கு எங்கிருந்தோ தைரியம் வந்தது. இனி மறைக்க என்ன இருக்கிறது, அவர் பக்கத்தில் நின்றால் நான் எதையும் தாங்கிக்கொள்வேன் என்று நினைத்தேன். "சித்தப்பா, அந்தக் கடுதாசியக் கொண்டாங்க. அப்பாட்ட காட்டுங்க" என்றேன்.

"எந்தக் கடுதாசிட்டி?" என்றார்.

அவ்வளவு சாதாரணமாகக் கேட்டார். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. கேட்டுவிட்டு அம்மாவிடம் குடிக்கத் தண்ணீர் வாங்கிக்கொண்டார். அண்ணனுக்குப் பயந்தார் என்று பிறகு அம்மா சமாதானம் சொன்னாள். பயந்திருக்கட்டுமே. ஊரார் வீட்டு ரகசியத்தையெல்லாம் குழாய் வைத்துக் கூவியவருக்கு, நாலு சுவருக்குள் ஒரு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லையா? திங்கட்கிழமை வெற்றிலை மாற்றினார்கள். புதன்கிழமை அம்மாவோடு உட்கார்ந்து முறுக்குக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன்.

என் வீட்டுக்காரர் என்னை நன்றாகத்தான் வைத்திருந்தார். அதைப் பற்றிக் குறை சொல்ல மாட்டேன். குலசேகரன்பட்டினத்தில் பிள்ளைகளைப் பெற்று வளர்த்தேன். தெருப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் எழுத்துச் சொல்லிக்கொடுத்தேன். என்னை யாரும் டீச்சர் என்று கூப்பிட்டதில்லை. கருப்பட்டிக் கடை அக்கா என்றே கூப்பிட்டார்கள். சித்தப்பாவோடு நான் பல வருஷம் பேசவில்லை. விசேஷ வீடுகளில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அவர் அதைக் கண்டுகொண்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

பல்லெல்லாம் போன பிறகு ஒருநாள் தசராவுக்கு வந்து எங்கள் வீட்டில் தங்கினார். என் பேரப்பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். பழைய கொட்டகைக் கதைகளைச் சொல்லிக்கொண்டே வந்தவர், "ஒரு படம் வந்துச்சு மக்கா, குதிரக்காரி படம். அன்னைக்கு வாங்குன கைதட்டு மாதிரி என் ஆயுசுல வாங்கல" என்று தொடங்கி, மேசை, கருப்பட்டிக்காரன், கடுதாசி என்று ஒரு சொல் விடாமல் சொன்னார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இத்தனை வருஷம் அடக்கியது அன்றைக்கு அடங்கவில்லை.

"அது நான் சொன்னது சித்தப்பா. ஒங்களை நம்பி, ஒங்க மடியில விழுந்து அழுது சொன்னேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கள்ளம் இருக்கிறதா என்று அந்தக் கண்ணுக்குள் தேடினேன். சத்தியமாக இல்லை.

"நீ எப்பம்ட்டி சொன்ன?" என்றார். "அது அந்த வெள்ளக்காரி சொன்னதுல்லா."