பச்சையாகத் துருவிய மரவள்ளி

நான் கொல்லிமலையில் ஓர் அரசுப் பள்ளி ஆசிரியை. ஆசிரியர்களை நாடு விட்டு நாடு அனுப்பும் பரிமாற்ற உதவித்தொகையில், போலந்திலிருந்து மார்த்தா என்ற ஆசிரியை எங்கள் பள்ளிக்கு வந்து, என் பக்கத்து வீட்டில் தங்கியிருந்தார்.

ஒருநாள் மாலை, எங்கள் வாசலில் இருந்த மூட்டையிலிருந்து இரண்டு மரவள்ளிக்கிழங்கை எடுத்துப் போய், "இதுதான் எங்கள் ஊர்ச் சாப்பாடு" என்று ஆங்கிலத்தில் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன். வேக வைக்க வேண்டும் என்று சொல்லத் தோன்றவில்லை.

காட்டு வேலை முடிந்து வந்த என் கணவர் மூட்டையைப் பார்த்தார்.

"ஏம் புள்ள, இதுல இருந்தா கெழங்கு எடுத்த? இது ஜவ்வரிசி மில்லுக்குப் போற கசப்புக் கெழங்காச்சே."

அந்த ரகத்தில் நஞ்சு அதிகம். ஓடினேன். மார்த்தா கிழங்கைக் கேரட்டைப் போலத் துருவி, எலுமிச்சை பிழிந்து, ஒரு வாய் சாப்பிட்டிருந்தார். கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

உடனே ஜீப்பில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். "ஒரு வாயோட போச்சுங்க, பயப்படாதீங்க" என்ற டாக்டர், காலைவரை அங்கேயே வைத்திருந்து பார்த்தார். நல்லவேளையாக ஒன்றும் ஆகவில்லை.

வெளியே வந்ததும் மன்னிப்புக் கேட்டேன். "கசந்தது. ஆனால் நீங்கள் ஆசையாகக் கொடுத்ததை எப்படித் துப்புவது என்று விழுங்கிவிட்டேன்" என்றார் மார்த்தா.

இந்த ஆண்டு அதே திட்டத்தில் இன்னோர் ஆசிரியை வந்திருக்கிறார். எதைக் கொடுத்தாலும் நானே சமைத்து, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். பிடிக்காவிட்டால் தயங்காமல் துப்பிவிடுங்கள் என்று முதலிலேயே சொல்லியும் விடுகிறேன்.