சத்தமில்லாமல் ஓடிய விண்கப்பல்

கல்யாணமாகிக் காவலூருக்கு வந்த புதிதில் எனக்குப் பிடிபடாமல் இருந்தது பகல்தான். என் கணவர் அங்கே வானாய்வு நிலையத்தில் மெக்கானிக். தொலைநோக்கிக் கூண்டின் கூரையைச் சுழற்றுகிற மோட்டார்கள் அவர் பொறுப்பு. இரவெல்லாம் வேலை. விடிந்த பிறகு வந்து நாலு இட்லி தின்றுவிட்டுப் படுத்தால் மதியம் தாண்டித்தான் எழுவார். குவார்ட்டர்ஸில் எங்களுக்கு ஒரே அறை, பின்னால் ஒரு சமையலறை. கட்டில், பீரோ, சுவரில் சிலுவை, மூலையில் டெலிவிஷன் எல்லாம் அந்த ஒரே அறையில். நானோ மலையடிவாரத்து ஊரில், மாதா கோயில் மணிக்கும் தம்பி தங்கைகளின் அடிதடிக்கும் நடுவில் வளர்ந்தவள். பாத்திரத்தைப் பூனைபோல் எடுத்துப் பூனைபோல் வைக்க வேண்டியிருந்த அந்த வீட்டில் எனக்குக் காலில் எறும்பு ஊறிக்கொண்டே இருந்தது. ஒரு இடத்தில் உட்கார முடியாது. சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருப்பேன்.

டெலிவிஷன் என் அண்ணன் கொடுத்தது. திருப்பத்தூரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தான். சின்ன கறுப்பு வெள்ளைப் பெட்டி. கூரையில் நட்ட ஆன்டெனாவிலிருந்து பட்டை ஒயர் ஜன்னல் வழியாக உள்ளே வரும். எண்பதுகளின் நடுவில் மலைமேல் அதில் படம் தெரிந்ததே பெரிய விஷயம். ஞாயிறு காலையில் ஒரு வெளிநாட்டுத் தொடர் போட ஆரம்பித்தார்கள். வழி தவறிய ஒரு விண்கப்பல், அதில் இருக்கிற கொஞ்சம் பேர், வாரத்துக்கு ஒரு கிரகம். முதல் வாரம் சும்மா பார்த்தேன். மூன்றாவது வாரத்திலிருந்து ஞாயிறு என்றால் எனக்கு அதுதான்.

சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டுத்தான் பார்ப்பேன். கட்டிலில் அவர் தூங்குவார். நான் தரையில், பெட்டிக்கு ஒரு முழம் தள்ளி. அவர்கள் பேசியது இங்கிலீஷ். எனக்கு இங்கிலீஷ் எழுத்தில் இருந்தால் புரியும், அவர்கள் வாயில் புரியாது. அதனால் சத்தம் இல்லாதது பெரிய நஷ்டம் இல்லை என்று சொல்லிக்கொள்வேன். முகத்தைப் பார்த்தே கதையைக் கட்டிக்கொள்வேன்.

எனக்குக் கூட்டாளி பால் ஊற்ற வரும் அக்கா. பக்கத்து மலைக் கிராமத்தில் சாமை போட்டு, இரண்டு எருமை வைத்திருந்தவர். ஒரு நாள் பால் ஊற்ற வந்தவர் கதவருகில் நின்று பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை மட்டும் எங்கள் வீட்டைக் கடைசி வீடாக வைத்துக்கொண்டார். வெற்றிலையை அடக்கிக்கொண்டு, என் காதில் கிசுகிசுப்பார்.

"இன்னாம்மா சொல்றான் அந்த மொட்டத்தலையன்?"

"தெரியலக்கா. கோவமா கீறான்."

"கோவம் இல்லம்மா, பயந்துட்டான். கைய பாரு."

நான் சொல்ல வந்த வாரத்துக்கு முந்தின வாரம் கதை இப்படி நின்றிருந்தது. கப்பலை ஓட்டுகிற பெண் ஒரு சின்ன ஊர்தியில் தனியாக ஒரு கிரகத்தில் இறங்குகிறாள். வெள்ளை மணல். ஊர்தி பழுதாகிவிடுகிறது. அங்கே ஒரு உடைந்த கப்பலில், தாடி வைத்த ஒரு ஆள் தன்னந்தனியாக இருக்கிறான். அவளுக்குத் தண்ணீர் கொடுக்கிறான். அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போகிறான். அவன் கப்பலின் கதவு மூடுகிறது. அந்த நேரம் பார்த்து எங்கள் வீட்டில் கரண்ட் போனது.

அக்கா எழுந்து நின்று, "ஐயோ, பேஜாரா போச்சே!" என்றார். வாயைப் பொத்திக்கொண்டார். கணவர் புரண்டு படுத்தார்.

அந்த ஒரு வாரம் நான் பட்ட பாடு. அவன் அவளை அடைத்து வைத்துவிட்டான் என்று எனக்குத் தோன்றியது. தண்ணீர் கொடுக்கும்போது அவன் கண்ணில் ஒரு சலனமும் இல்லை, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. அக்காவுக்கோ அவன் அவளுடைய அப்பா. காணாமல் போன அப்பா. "மூக்கு ஒரே மாதிரி கீதும்மா" என்று ஒவ்வொரு நாளும் பால் அளக்கும்போது சொல்லிவிட்டுப் போவார். அந்த வாரத்தில் வீட்டிலும் எனக்கும் கணவருக்கும் சரியில்லை. மோட்டார் ஒன்று மக்கர் பண்ணி, அவருக்குத் தூங்கவே நேரமில்லை. ஒரு மதியம் நான் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"இந்த வூட்ல நான் யார்கிட்டதாங்க பேசறது? செவுத்துகிட்டயா?"

"மெள்ள பேசு. பக்கத்து வூட்ல தூங்கறாங்க," என்றார்.

அதற்குப் பிறகு நான் இரண்டு நாள் தேவைக்கு மட்டும்தான் வாய் திறந்தேன்.

ஞாயிறு வந்தது. ஸ்டவ்வில் பாலை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அக்கா முன்னமே வந்து உட்கார்ந்திருந்தார். தொடர் ஆரம்பித்த உடனே படம் உருள ஆரம்பித்தது. மேலிருந்து கீழே, மேலிருந்து கீழே. ஓட்டுகிறவளின் தலை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். குமிழைத் திருகினேன். கொஞ்சம் நின்றது. மறுபடி உருண்டது. முந்தின நாள் அடித்த காற்றில் ஒயர் தளர்ந்திருக்க வேண்டும். நான் பெட்டிக்குப் பின்னால் போய் ஒயரை அழுத்தினால் படம் நின்றது என்று அக்கா கையசைத்தார். விட்டுவிட்டு முன்னால் ஓடி வந்தால் உருண்டது. பின்னால் போவதும் முன்னால் வருவதுமாக நான் அலைந்தேன். பால் பொங்கி வழிந்த வாசனை வந்தது. போகவில்லை.

ஒரு நொடி படம் தெளிந்தபோது தாடிக்காரன் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மணலில் போய்க்கொண்டிருந்தான்.

"வுடுடா அவள!" என்று கத்திவிட்டேன்.

அக்கா என் வாயைப் பொத்த வந்தார். அவர் முழங்கை பட்டுப் பால் சொம்பு கவிழ்ந்து, உருண்டு, கட்டில் காலில் போய் மோதியது. கணவர் எழுந்து உட்கார்ந்தார். கண் ரத்தமாகச் சிவந்திருந்தது. அக்கா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழப் போனார். நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன்.

அவர் பெட்டியைப் பார்த்தார். உருளுகிற படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பழுதான எதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவரால் முடியாது. லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்து போய், ஜன்னலருகில் பெட்டிக்குப் பின்னால் நின்று, ஒயரைத் தடவித் தடவி ஒரு இடத்தில் பிடித்தார்.

"நின்னுச்சா?"

"நின்னுச்சுங்க!"

கையை எடுத்தார். உருண்டது. மறுபடி பிடித்தார். நின்றது. "சரி, பாருங்க," என்று அலுத்துக்கொண்டார். பிறகு அவரே இன்னொரு கையை முன்னால் நீட்டி, சத்தத்தைத் திருகிக் கூட்டினார்.

அவர் நின்ற இடத்திலிருந்து படம் தெரியாது. ஆனால் விஞ்ஞானிகளோடு இரவெல்லாம் பழகியதில் அவருக்கு இங்கிலீஷ் காதில் ஏறும். எங்களுக்குப் படம் தெரிந்தது, பேச்சு புரியவில்லை. அவருக்குப் பேச்சு புரிந்தது, படம் தெரியவில்லை. நான்தான் பொறுக்காமல் கேட்டேன்.

"இன்னாங்க சொல்றான்?"

"'நேரம் இல்ல, ஜல்தி வா'ங்கறான். எங்க கூட்டிட்டுப் போறான்?"

"அவ வண்டிகிட்ட. ஐயோ, வண்டிகிட்டதாங்க! அடைச்சு வெக்கலக்கா!"

"நான் சொன்னேன்ல, அப்பன்னு!" என்றார் அக்கா.

"அப்பன் இல்ல," என்றார் கணவர் ஜன்னலருகிலிருந்து. "'உன்ன யாரு இங்க வுட்டுட்டுப் போனாங்க'ன்னு கேக்கறா. 'வெளக்க பாத்துக்கச் சொல்லிட்டுப் போய்ட்டாங்க, யாரும் வரல'ங்கறான்."

"எந்த வெளக்கு?"

"எனக்கு இன்னா தெரியும், நீதான் பாக்கற."

மணல்மேட்டின் மேல் ஒரு கம்பம் இருந்தது, உச்சியில் மினுக்மினுக்கென்று ஒரு விளக்கு. போன வாரமும் அது இருந்தது, நான் கவனிக்கவில்லை. சொன்னேன். அவர் தலையாட்டினார். அதற்குள் தாடிக்காரன் சட்டையைத் திறந்தான். எனக்கு உட்கார முடியவில்லை, எழுந்துவிட்டேன்.

"சட்டைய தொறக்கறாங்க. நெஞ்சுல ஒரு மூடி கீது. அதையும் தொறக்கறான். உள்ள... உள்ள ஒயருங்க!"

"அப்ப அவன் மிஷின்," என்றார் கணவர். "அதான் குரல் அப்படிக் கீது."

"மிஷினா?" அக்காவுக்குக் கோபமே வந்துவிட்டது. "போன வாரம் தண்ணி குடுத்தானே! மிஷினு குடுக்குமா?"

"அவன் குடிக்கலக்கா," என்றேன். எனக்கு அப்போதுதான் உறைத்தது. கண்ணில் சலனமில்லாததும் அதனால்தான். ஒரு வாரமாக நான் திட்டித் தீர்த்த ஆள்.

தாடிக்காரன் நெஞ்சிலிருந்து பேட்டரி மாதிரி ஒன்றை உருவினான். அவளுடைய ஊர்தியில் பொருத்தினான். நான் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு பெட்டிக்கும் கட்டிலுக்கும் நடந்தேன். "நில்லு, குறுக்க போவாத," என்றார் அக்கா. ஓட்டுகிறவள் அழுதுகொண்டே ஏதோ சொன்னாள்.

"'நீ இன்னா ஆவ'ங்கறா," என்றார் கணவர். "'மிச்சம் கீற கரண்ட் எனக்குக் கொஞ்ச நேரம் வரும், அது போதும்'ங்கறான். இன்னா பண்றான் இப்ப?"

"மணல்ல உக்காந்துட்டான்."

"அவ?"

"ஏறிட்டா. வண்டி கிளம்புது."

அந்த நேரத்தில் அவருக்குக் கை மரத்துப்போய்விட்டது. கை மாற்றினார். படம் இரண்டு மூன்று முறை உருண்டு, மறுபடி நின்றபோது வானம் மட்டும்தான் இருந்தது. பெயர்கள் ஓட ஆரம்பித்தன.

"அவ திரும்பிப் பாத்தாளா?" என்று கேட்டார் கணவர்.

"பாத்தா," என்றேன்.

"எங்கம்மா பாத்தா? மொகத்த அந்தாண்ட திருப்பிக்கினா," என்றார் அக்கா.

"கண்ணாடில தெரிஞ்சுதுக்கா, திரும்பினா!"

"உருண்டுச்சு, அதுல உனக்கு அப்படித் தெரிஞ்சிக்கும்."

நாங்கள் இருவரும் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு அம்மா வந்து வாசலில் நின்று, யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். கணவர்தான் போய், "ஒண்ணும் இல்லீங்க, டிவி," என்று சொல்லி அனுப்பினார். அக்கா தரையில் கொட்டிய பாலைத் துடைத்துவிட்டு, கடைசிவரை ஒத்துக்கொள்ளாமலே போனார்.

கணவர் மறுபடி படுத்தார். தூக்கம் வரவில்லை. எழுந்து வந்து, சமையலறை வாசலில் உட்கார்ந்து, முதல் வாரத்திலிருந்து சொல்லச் சொன்னார். நான் கருகிய பால் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே சொன்னேன். மொட்டைத் தலையன் கோபக்காரனா பயந்தவனா என்பதில் தொடங்கி எல்லாவற்றையும். நடுநடுவே நிறுத்திக் கேள்வி கேட்டார். இன்ஜின் எங்கே இருக்கிறது, எரிபொருள் எது என்றெல்லாம். மதியம் சமைக்கவே இல்லை. அன்றைக்கு ராத்திரி வேலைக்கு அவர் அதற்குமேல் ஒரு பொட்டுத் தூக்கமும் இல்லாமல் போனார்.

அடுத்த வாரம் என் அண்ணன் மலையேறி வந்து ஒயரைப் பற்றவைத்துக் கொடுத்தான். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை மட்டும் கணவர் அலாரம் வைத்து எழுந்து, எங்கள் இருவருக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்துகொண்டார். தொடர் தொடங்கினால் அவருக்கும் கால் நிற்காது, முட்டியை ஆட்டிக்கொண்டே இருப்பார்.

சில மாதங்களில் அந்தத் தொடரைச் சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்திவிட்டார்கள். விண்கப்பல் ஊர் போய்ச் சேர்ந்ததா என்று காட்டவே இல்லை. அக்கா நாலைந்து வாரம் வந்து, "இன்னிக்காவது வர்தா?" என்று எட்டிப் பார்த்தார். அந்த நேரத்தில் பெட்டியில் யாரோ வயலின் வாசித்துக்கொண்டிருந்தார்கள். பாலை ஊற்றிவிட்டுப் போய்விட்டார். போய்ச் சேர்ந்திருப்பார்கள் என்று நான் சொன்னேன். அந்த இன்ஜினுக்கு அவ்வளவு தூரம் எரிபொருள் காணாது என்றார் கணவர். காணும் என்றேன். அதற்காக நாங்கள் பட்டப் பகலில், பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி, ஒரு வாரம் சண்டை போட்டிருக்கிறோம்.